லிஸ்பன்–ஹெல்சின்கி விமானம்: டிக்கெட்டில் போக ஆறரை மணி, வர மூன்று மணி என்று தெரிவது ஏன்?

கேள்வியை முதலில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கும் புரியட்டும். லிஸ்பனிலிருந்து ஹெல்சின்கிக்கு நேரடி விமானத்தில் அம்மாவோடு போகிறீர்கள். போகும் நாள் காலை 11:00-க்குக் கிளம்பி மாலை 5:35-க்கு இறங்குகிறது. திரும்பும் நாள் மாலை 4:00-க்குக் கிளம்பி இரவு 7:05-க்கு லிஸ்பன் வந்துவிடுகிறது. ஆக, போக 6 மணி 35 நிமிடம், வர 3 மணி 5 நிமிடம். அம்மாவுக்கு முட்டி வலி, ஆறரை மணி நேரம் மடக்கி உட்கார முடியாது, அதனால் போகும்போது மட்டும் நடுவில் ஒரு ஊரில் இறங்கி ஏறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்புறம், தூரம் ஒரு தளத்தில் 1,815, இன்னொன்றில் 2,090, வேறொன்றில் 3,360 என்று இருக்கிறதே, இதில் எது சரி என்றும்.

நேராகப் பதிலுக்கு வருகிறேன். போக 4 மணி 35 நிமிடம், வர 5 மணி 5 நிமிடம். நீங்கள் பயப்படுகிற பயணம்தான் இரண்டில் சின்னது, சுலபம் என்று நினைத்து விட்டுவிட்ட பயணம்தான் நீளம். நடுவில் எங்கேயும் இறங்க வேண்டாம், அது அம்மாவுக்கு இன்னும் சிரமம். ஏன் என்று கீழே விரிவாகச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் எப்போதுமே அந்தந்த ஊர்க் கடிகார நேரம். புறப்படும் நேரம் லிஸ்பன் கடிகாரம், இறங்கும் நேரம் ஹெல்சின்கி கடிகாரம். ஐரோப்பிய ஒன்றியம் என்றால் எல்லாம் ஒரே நேரம் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள், ஆனால் அதற்குள்ளேயே மூன்று நேர மண்டலங்கள் இருக்கின்றன: போர்ச்சுகலும் அயர்லாந்தும் ஒன்றில், ஸ்பெயினிலிருந்து போலந்து வரை நடுவில் ஒன்று, பின்லாந்து, பால்டிக் நாடுகள், கிரீஸ், ருமேனியா, பல்கேரியா, சைப்ரஸ் எல்லாம் மூன்றாவதில். லிஸ்பனும் ஹெல்சின்கியும் இரண்டு முனை, நடுவே இரண்டு மணி நேர வித்தியாசம். லிஸ்பனில் காலை 11 என்றால் ஹெல்சின்கியில் பகல் 1. எனவே போகும்போது தெரியும் 6:35-லிருந்து இரண்டைக் கழிக்க வேண்டும், வரும்போது தெரியும் 3:05-உடன் இரண்டைக் கூட்ட வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

கோடைக்கால நேரம் மாறும்போது இந்த வித்தியாசமும் மாறுமா என்று அடுத்து சந்தேகம் வரும். மாறாது. ஒன்றியம் முழுக்க மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் ஒரே கணத்தில்தான் கடிகாரத்தை மாற்றுகிறார்கள், அதனால் வருடம் முழுக்க இந்த இரண்டு ஊருக்கும் இரண்டு மணி நேரம்தான். (1992 முதல் 1996 வரை போர்ச்சுகல் மத்திய ஐரோப்பிய நேரத்துக்கு மாறிப் பார்த்தது. குளிர்காலக் காலையில் பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது, பழையபடியே திரும்பிவிட்டார்கள்.)

சரி, தூரம். நீங்கள் பார்த்த மூன்று எண்ணும் சரிதான், அலகுதான் வேறு. 3,360 என்பது கிலோமீட்டர். 2,090 என்பது சாலையில் பயன்படுத்தும் சாதாரண மைல். 1,815 என்பது கப்பலும் விமானமும் பயன்படுத்தும் கடல் மைல், அது ஒன்றுக்கு 1,852 மீட்டர். வெறும் 'மைல்' என்று போட்டுவிட்டு எந்த மைல் என்று சொல்லாத தளங்கள் நிறைய இருக்கின்றன, குழப்பமே அங்கேதான் தொடங்குகிறது. இந்தக் கடல் மைல் எனக்கு மிகவும் பிடித்த அலகு, ஏனென்றால் அது பூமியின் வளைவிலிருந்தே பிறந்தது. பூமியின் மையத்தில் உட்கார்ந்து லிஸ்பனை ஒரு கையாலும் ஹெல்சின்கியை ஒரு கையாலும் காட்டினால் இரண்டு கைக்கும் நடுவே முப்பதேகால் பாகைக் கோணம் வரும். ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு ஒரு கடல் மைல் என்பதுதான் அந்த அலகு வந்த வழி. முப்பதேகாலை அறுபதால் பெருக்குங்கள், 1,815. கையாலேயே போட்டுவிடலாம்.

இந்தத் தூரம் பெருவட்டத் தூரம், அதாவது உருண்டையின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் வரும் மிகக் குறைந்த தூரம். சுவரில் மாட்டும் தட்டை வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, அந்தக் கோட்டின் திசையையே பிடித்துக்கொண்டு பறந்தால் சுமார் 30 கி.மீ. அதிகமாகும். இந்தத் தடத்தில் அது பெரிய விஷயமில்லை, ஒரு விழுக்காடுகூட இல்லை. கிழக்கு மேற்காக வெகுதூரம் போகும் தடங்களில், அதுவும் வடக்கே தள்ளிப் போகப்போக, இதே வித்தியாசம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஆகிவிடும்.

லிஸ்பனில் ஏறினால் பெருவட்டக் கோடு வடகிழக்காகக் கிளம்பி வட ஸ்பெயினைக் கடந்து பிஸ்கே விரிகுடாவுக்குள் போகிறது. அப்புறம் பிரான்சின் மேற்குக் கரை, பாரிசுக்கு மேற்கே ஒதுங்கி பெல்ஜியம், நெதர்லாந்து, ஜெர்மனியின் வடக்கு, டென்மார்க், ஸ்வீடனின் தெற்கு முனை, பால்டிக் கடல், பின்லாந்து. சரிபாதி எங்கே வருகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், பிரஸ்ஸல்ஸ் நகரத்துக்குக் கொஞ்சம் மேற்கே விழுகிறது. ஐரோப்பாவின் ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்குப் போகிற கோட்டின் நடுப்புள்ளி பிரஸ்ஸல்ஸ் வாசலில் விழுவது எனக்கு இப்போதும் ஆச்சரியம்தான்.

விமானம் இந்தக் கோட்டிலேயே போகுமா என்றால், அச்சு அசலாகப் போகாது. ஏறும் திசையும் இறங்கும் திசையும் அன்றைய காற்றைப் பொறுத்தது, நடுவே ராணுவப் பயிற்சிக்கு ஒதுக்கிய வான்பகுதிகள், நெரிசல், இடி மேகம் எல்லாம் இருக்கும். அதனால் சில விழுக்காடு கூடுதலாகவே பறக்கும். முன்பெல்லாம் வானத்தில் நிர்ணயித்த பாதைகளை ஒட்டியே போக வேண்டியிருந்தது. 2009-ல் லிஸ்பன் வான்பகுதியில், குறிப்பிட்ட உயரத்துக்கு மேலே நுழையும் இடத்திலிருந்து வெளியேறும் இடத்துக்கு நேராகவே போகலாம் என்று திறந்துவிட்டார்கள், ஐரோப்பாவில் இதைத் தொடங்கி வைத்ததே போர்ச்சுகல்தான், பிறகுதான் மற்ற நாடுகளில் பரவியது. கோட்டுக்கும் உண்மைப் பாதைக்கும் எவ்வளவு விலகல் வர முடியும் என்பதற்குக் கடுமையான உதாரணம் வேண்டுமென்றால் ஹெல்சின்கியிலேயே இருக்கிறது: 2022-ல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பிறகு ஹெல்சின்கி–டோக்கியோ விமானம் ஒன்பதரை மணி நேரத்திலிருந்து 13 மணி நேரம் ஆகிவிட்டது. இரண்டு ஊரும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. லிஸ்பன் தடத்துக்கு அந்தப் பிரச்சினை இல்லை, அது முழுக்க ரஷ்யாவுக்கு மேற்கேயே ஓடுகிறது.

இப்போது நேரம். ஏர்பஸ் ஏ320 குடும்பத்து விமானங்கள் மேலே போனபின் ஒலியின் வேகத்தில் ஏறத்தாழ 78 விழுக்காடு வேகத்தில் பறக்கும். அந்த உயரத்தில் வெளியே மைனஸ் 56 டிகிரி அளவுக்குக் குளிர், குளிரில் ஒலியின் வேகமும் குறைவு, அதனால் கணக்கில் மணிக்கு 830 கி.மீ. வரும். 3,360-ஐ 830-ஆல் வகுத்தால் 4 மணி 3 நிமிடம். தூரம் காட்டும் தளங்கள் 'பறக்கும் நேரம்' என்று போடுவது பெரும்பாலும் இந்த மாதிரி வகுத்து வந்ததுதான், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். விமானம் ஓடுதளத்திலிருந்து எழும்பிய உடனே 830-ல் போவதில்லை, மேலேற இருபது நிமிடத்துக்கு மேல், இறங்க அதே அளவு, அந்த நேரமெல்லாம் மெதுவான வேகம். அதற்கு ஒரு பத்துப் பதினைந்து நிமிடம் சேருங்கள். வளைந்து போகும் பாதைக்கு ஐந்து நிமிடம். அப்புறம் டிக்கெட் நேரம் என்பது பறக்கும் நேரமே கிடையாது, கேட்டிலிருந்து விமானம் நகர்வது முதல் அந்தப் பக்கம் கேட்டில் நிற்பது வரை. தரையில் ஊர்ந்து போவதற்கு இரண்டு பக்கமும் சேர்த்து இருபது, இருபத்தைந்து நிமிடம். ஆகமொத்தம் காற்றே இல்லாத நாளில் 4 மணி 45 நிமிடத்தைச் சுற்றி வரும்.

காற்று இல்லாத நாள் என்று ஒன்று கிடையாது. ஐரோப்பாவுக்கு மேலே விமானம் பறக்கும் உயரத்தில் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் ஸ்ட்ரீம் என்கிற வேகமான காற்றோட்டம் ஓடுகிறது, குளிர்காலத்தில் அதன் நடுப்பகுதியில் மணிக்கு 200 கி.மீ. தாண்டுவது சாதாரணம். லிஸ்பனிலிருந்து போகும்போது அது பின்னாலிருந்து தள்ளும், வரும்போது முகத்தில் அடிக்கும். ஆனால் நம் தடம் நேர் கிழக்கு இல்லை, வடகிழக்கு. லிஸ்பனில் கிளம்பும்போது வடக்கிலிருந்து 33 பாகை சாய்ந்து கிளம்புகிற கோடு ஹெல்சின்கியைத் தொடும்போது 60 பாகைக்குச் சாய்ந்துவிடுகிறது (பெருவட்டத்தில் திசை மாறிக்கொண்டே இருக்கும்). அதனால் மேற்குக் காற்றின் முழு பலமும் கிடைக்காது, சராசரியாகப் பத்தில் ஏழு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். தவிர, ஜெட் ஸ்ட்ரீம் ஆறு மாதிரி வளைந்து வளைந்து ஓடும், நம் கோட்டின் ஒரு துண்டு மட்டும் அதில் சிக்கும். எல்லாம் கழித்துப் பார்த்தால் சராசரியாக இந்தப் பக்கம் ஒரு கால் மணி நேரம், அந்தப் பக்கம் ஒரு கால் மணி நேரம். அதுதான் உங்கள் டிக்கெட்டில் 4:35-க்கும் 5:05-க்கும் நடுவே உள்ள அரை மணி நேரம்.

போகும்போது கிடைத்ததை வரும்போது இழக்கிறோம், மொத்தத்தில் சமம்தானே என்று தோன்றும். சமமாகாது, போட்டுப் பாருங்கள். 3,400 கி.மீ. பாதை, வேகம் 830, காற்று 100. போகும்போது 930 வேகத்தில் 3 மணி 39 நிமிடம். வரும்போது 730 வேகத்தில் 4 மணி 39 நிமிடம். கூட்டினால் 8 மணி 18, 19 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் 8 மணி 12 நிமிடத்தில் முடிந்திருக்கும். எதிர்க்காற்றில் நாம் கழிக்கும் நேரம் அதிகம், அதனால் அது எடுத்துக்கொள்வதும் அதிகம்.

திரும்பும் பயணம் நீள இன்னும் இரண்டு உள்ளூர்க் காரணங்கள். ஒன்று, குளிர்காலத்தில் ஹெல்சின்கியில் கிளம்பும் முன் இறக்கையில் படிந்த பனியைச் சூடான திரவம் அடித்துக் கரைப்பார்கள், அதற்கு வரிசையில் நிற்க வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் இதில் கைதேர்ந்தவர்கள், ஆனாலும் நேரம் நேரம்தான். இன்னொன்று லிஸ்பனில். அங்கே பயன்பாட்டில் இருப்பது ஒரே ஓடுதளம், காற்று பெரும்பாலும் வடக்கிலிருந்து வரும், விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்க வேண்டும். ஆக வடக்கிலிருந்து வரும் நீங்கள் நேராக இறங்க முடியாது, ஊரைத் தாண்டித் தெற்கே போய்த் திரும்பி, டேகஸ் ஆற்றைக் கடந்து, நகரத்து வீட்டுக் கூரைகளுக்கு மேலாக இறங்க வேண்டும். பார்க்க அழகு, ஆனால் பத்து நிமிடம் கூடும். கிளம்பும்போது இதே காற்று உங்களுக்குச் சாதகம், வடக்கே பார்த்து ஏறி அப்படியே போய்விடலாம்.

இப்போது நடுவில் இறங்கும் யோசனை. ஆம்ஸ்டர்டாம் நம் கோட்டின் மேலேயே இருக்கிறது என்று சொல்லலாம்: லிஸ்பன்–ஆம்ஸ்டர்டாம் 1,845 கி.மீ., ஆம்ஸ்டர்டாம்–ஹெல்சின்கி 1,520 கி.மீ., கூட்டினால் நேர் தூரத்தைவிடப் பத்துக் கிலோமீட்டர்கூட அதிகமாகாது. பிராங்பர்ட் வழியாகப் போனாலும் ஐம்பது கிலோமீட்டருக்குள்தான். தூரம் ஏறாததால் நேரமும் ஏறாது என்று நினைக்கக் கூடாது. லிஸ்பனிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு மூன்று மணி நேரம், அங்கிருந்து இரண்டரை, ஆக ஐந்தரை மணி நேரம் விமானத்திலேயே போய்விடும், நேரடி விமானத்தைவிட ஒரு மணி நேரம் அதிகம். இரண்டாவது முறை ஏறுவதும் இறங்குவதும் ஊர்வதும்தான் அந்த ஒரு மணி நேரம். இதற்கு மேல் நடுவில் காத்திருப்பு, பெரிய நிலையங்களில் ஒரு கேட்டிலிருந்து இன்னொன்றுக்கு நெடுநடை. முட்டி வலிக்காரருக்கு உட்கார்ந்திருப்பதைவிட அவசரமாக நடப்பதுதான் கொடுமை. மலிவு என்று இஸ்தான்புல் வழி டிக்கெட் கண்ணில் பட்டால் வேண்டவே வேண்டாம், அது 5,300 கி.மீ.க்கு மேல், ஒரு நாளே போய்விடும்.

தூர எண்ணுக்கு ஒரு இடத்தில் நேரடிப் பண மதிப்பு உண்டு, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். விமானம் ரத்தானாலோ மிகவும் தாமதமானாலோ இழப்பீடு தர வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தில் 2004-ல் வந்த 261-ஆம் எண் விதி இருக்கிறது. அதில் தொகையைத் தீர்மானிப்பது தூரம்தான், அதுவும் பெருவட்டத் தூரம் என்று விதியிலேயே எழுதியிருக்கிறது, விமானம் உண்மையில் எவ்வளவு சுற்றிப் பறந்தது என்பது கணக்கே இல்லை. 1,500 கி.மீ. வரை 250 யூரோ, ஒன்றியத்துக்குள்ளேயே அதற்கு மேல் எவ்வளவு தூரம் என்றாலும் 400 யூரோ. ஹெல்சின்கியிலிருந்து ஸ்பெயினைச் சேர்ந்த கேனரித் தீவுகளின் லாஸ் பால்மாஸ் 4,700 கி.மீ.யை ஒட்டி வரும், அதற்கும் அதே 400-தான். உங்கள் தடம் அந்த 400-ல் வருகிறது. மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகச் சேர்ந்தால் கேட்கலாம், ஆனால் புயல் மாதிரி நிறுவனத்தின் கையில் இல்லாத காரணம் என்றால் கிடைக்காது. சேர்ந்த நேரம் என்பது சக்கரம் தரையைத் தொட்ட நேரம் இல்லை, விமானத்தின் ஒரு கதவாவது திறக்கும் நேரம் என்று ஒன்றியத்தின் நீதிமன்றம் 2014-ல் தீர்ப்புச் சொன்னது. தாமதம் மூன்று மணிக்குப் பக்கத்தில் வந்தால் கதவு திறக்கும் நிமிடத்தைக் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரே முன்பதிவில் மாறிப் போகும் பயணம் என்றால் துண்டு துண்டாக அளக்க மாட்டார்கள், முதலில் ஏறிய ஊருக்கும் கடைசி ஊருக்கும் உள்ள நேர் தூரம்தான் எண்ணிக்கை.

கடைசியாக அம்மா விஷயம். போர்ச்சுகல், பின்லாந்து இரண்டும் ஷெங்கன் பகுதி (தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட நாடுகள்), குடியேற்ற வரிசையில் நிற்க வேண்டியிருக்காது, ஆனாலும் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். சக்கர நாற்காலி உதவியைத் தயங்காமல் கேளுங்கள், ஒன்றியத்தின் விதிப்படி அதற்குக் காசு வாங்கக் கூடாது, குறைந்தது 48 மணி நேரம் முன்னால் விமான நிறுவனத்திடம் சொல்லிவிட வேண்டும். அம்மா வேண்டாம் என்றுதான் சொல்வார், என் அம்மாவும் அப்படித்தான் சொன்னார், உட்கார்ந்த பிறகு 'இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே' என்றார். மாத்திரை நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் கொடுக்காதீர்கள், ஏறியதிலிருந்து உண்மையில் எத்தனை மணி நேரம் ஆனது என்று எண்ணிக் கொடுங்கள், வரும் பயணத்தில் கடிகாரம் மூன்று மணி நேரம்தான் ஓடியதாகக் காட்டும், உடம்புக்கு ஐந்து மணி நேரம் ஆகியிருக்கும்.

இருக்கையை இரண்டு பயணத்துக்கும் இப்போதே பிடித்துவிடுங்கள், முக்கியமாக வரும் பயணத்துக்கு. இந்த விமானங்களில் நடைபாதைக்கு இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. சி இருக்கையில் உட்கார்ந்தால் நடைபாதை வலது கைப் பக்கம், டி இருக்கையில் இடது கைப் பக்கம். அம்மாவுக்கு வலது முட்டி வலி என்றால் சி, இடது முட்டி என்றால் டி. அப்போது வலிக்கிற காலை நடைபாதைப் பக்கம் நீட்டிக்கொள்ள முடியும், சாப்பாட்டு வண்டி வரும்போது மட்டும் மடக்கச் சொல்லுங்கள். அவசரக் கதவு வரிசையில் இடம் தாராளமாக இருக்கிறதே என்று அதை எடுத்துவிடாதீர்கள், நடக்கச் சிரமப்படுபவர்களை அங்கே உட்கார விட மாட்டார்கள், ஏறிய பிறகு எழுப்பி வேறு எங்காவது நடுவில் போட்டுவிடுவார்கள்.